வீட்டுக்குள்ள போட ஒரு சப்பாத்து

…அதுதான் பிள்ளை, வேற ஆருக்கோ செய்த பொய்க்காலை எனக்குப் பூட்டி விட்டிட்டாங்கள் எண்டுதான் நான் நினைச்சனான். சிரியாதையும்! சுகர் வந்து முழங்காலுக்குக் கீழ காலை வெட்டினாப் பிறகு எனக்கு ஆரிலையும் நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியில நடந்து பாக்கேக்க பொய்க்கால் நல்லாத்தான் நடந்தது. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் என்னைப் பின்னுக்குத் தள்ளுது. மருமகள் அதில ஏதோ ஆணியைக் கழட்டிப்போட்டாள் எண்டு அவளிலையும் சந்தேகம். "விழுந்திடுவியள் மாமி, குசினிக்குள்ள வராதேங்கோ" எண்டாள், அதுவும் எனக்குக் கள்ளமாப் பட்டுது. கோவத்தில காலைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு, கதிரையே கதியெண்டு இருந்திட்டன். சமைக்கேலாமப் போட்டுதே எண்டு அழுகை வேற.

போன கிழமை கால் செய்த வெள்ளைக்காரப் பொம்பிளை வீட்ட வந்தவ. காலைப் பூட்டி நடந்து காட்டச் சொன்னா. "சப்பாத்து எங்க?" எண்டு கேட்டா. மருமகள்தான் மொழிபெயர்த்தவள்.

"வாசல்ல கழட்டியாச்சு. வீட்டுக்குள்ள ஆரும் சப்பாத்தோட வருவினமே?" எண்டன்.

அவவுக்குச் சிரிப்பு அடங்கேல்லை. சப்பாத்தின்ர குதி உயரத்துக்கு அளந்து செய்த காலாம். கழட்டினாப் பின்னுக்குச் சரியத்தான் செய்யுமாம்!

மருமகள் அண்டைக்கே பிளாக்டவுன் கடைக்குப் போய், அதே உயரத்தில வீட்டுக்கெண்டு புதுச் சோடி வாங்கி வந்தாள். இப்ப குசினிக்குள்ள சப்பாத்தோட போற மகாராணி நான் ஒராள்தான்! எண்டாலும் இந்தக் காலில நான் ஒரு கண் வைச்சுத்தான் இருக்கிறன், முழுசா நம்பமாட்டன்.

ஐயோ, பருப்பு அடிப்பிடிக்குது போல மணக்குது. நீர் எழும்பாதையும் பிள்ளை, நானே போய்ப் பாக்கிறன்.