பனி பெய்யாத வருடத்தில் பன்னிரண்டு அறைகள்

டூர்க்காரர் ஊரையே ஊர் சுற்ற வைத்தவர். தான் மட்டும் எங்கும் போகாதவர். கைகாட்டி மரம் நடக்குமா என்ன? ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்ட இடம்தான் அவர் ஆபீஸ். அங்கே உட்கார்ந்தபடியே இருபது வருடமாகக் குளிர்கால விடுமுறைக்கு மலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார், பனி பார்க்க.

நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கோளாறு. நல்ல செய்தி என்றால் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். கெட்ட செய்தி என்றால் வாய்க்குப் பூட்டு. மகள் பரீட்சையில் தோற்றபோது ரிசல்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தவர். கடைசியில் மகளே போய் அம்மாவிடம் சொல்லவேண்டியதாயிற்று.

மலையில் விடுதி நடத்தும் அம்மாளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. கணவர் போன பிறகு பன்னிரண்டு அறைகளையும் தனியாகக் கட்டி மேய்க்கிற மனுஷி. சீசன் முடிந்ததும் நலம் விசாரித்து ஒரு போன், அவ்வளவுதான் பழக்கம். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. அடுத்த சீசனுக்கு முன்னால் டூர்க்காரர் போன் செய்யாவிட்டால் எல்லாம் போன வருடம் மாதிரியே என்று அர்த்தம். விடுமுறையின் முதல் நாள் மதிய பஸ்ஸில் பன்னிரண்டு குடும்பங்கள் வந்து இறங்கும்.

இந்த வருடம் குளிர்காலம் வந்ததா என்றே யாருக்கும் தெரியவில்லை. ஸ்வெட்டர்கள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மலையில் பனிக்குப் பதில் சேறு என்று செய்தி. வருடா வருடம் மலைக்குப் போகிறவர்களில் முதலில் பல் டாக்டர் வந்தார்.

"சேறு பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? கடற்கரைக்கு மாத்திக் குடுங்க."

டாக்டரைப் பார்த்து அவர் சகலை, சகலையைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரே வாரத்தில் பன்னிரண்டு குடும்பமும் கடல் பக்கம் திரும்பிவிட்டது. கடற்கரையில் அறை கிடைத்தது நல்ல செய்தியாயிற்றே! ஒவ்வொரு வீட்டுக்கும் டூர்க்காரரே போன் செய்து சொன்னார்.

மலைக்கு மட்டும் போன் போகவில்லை.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன். அதுக்குள்ள பனி பெஞ்சா நாலு பேராவது மனசு மாற மாட்டாங்களா?"

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? இப்பவே பேசுங்க."

நாளை என்பது பதினைந்து முறை வந்து போயிற்று. பனி வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குச் சோறே இறங்கவில்லை. விடுமுறையின் முதல் நாள், நேரில் சொல்வதுதான் மரியாதை என்று தனக்குத்தானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டு மலை பஸ் ஏறினார்.

விடுதியின் முன்னறை மேஜையில் பன்னிரண்டு சாவிகள் ஒரு தட்டில் தயாராக இருந்தன. பக்கத்தில் குழந்தைகளுக்கென்று சின்னச் சின்னக் கையுறைகள். குரலைக் கேட்டதுமே அந்த அம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அண்ணா! நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்களா? எங்க யாரையும் காணோம், பின்னாடி வண்டியில வர்றாங்களா?"

"இல்லம்மா. யாரும் வரல. பனி இல்லன்னு எல்லாரும் கடலுக்குப் போயிட்டாங்க."

"எப்போ மாத்துனாங்க?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ரெண்டு வாரம் ஆச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்.

"பனி இல்லாததால இப்பவே ரோடு போட வந்திருக்காங்க. போன வாரம் இன்ஜினியர் வந்து சீசன் முழுக்கப் பன்னெண்டு ரூமும் கேட்டார். பனியே இல்லையே, உங்க ஆளுங்க வருவாங்களான்னுகூடக் கேட்டார். அண்ணன் போன் பண்ணல, அப்போ கண்டிப்பா வருவாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எதிர் விடுதியின் கொடியில் ரோடு வேலைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. டூர்க்காரருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு நிமிடப் பேச்சு. அதற்குப் பயந்து ஒருத்தியின் குளிர்காலத்தையே வாயில் போட்டுக்கொண்டோமே!

"மன்னிச்சிடுங்கம்மா. நான் என்ன செய்யணும்னாலும் சொல்லுங்க, செய்றேன்."

அவள் கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு சாவித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கீழ போற பஸ் நாளைக்குக் காலைலதான். எந்த ரூம் வேணும்னு பாத்து எடுத்துக்குங்க, சார். பன்னெண்டும் காலிதான்."