அவர் சொல்லாமல் வைத்திருந்த பயம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழைக் காலம். குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் இருந்தோம். என் கணவர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நான் தேயிலை பறிப்பவள். மகள் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய், இனி மருந்தால் பயன் இல்லை என்று கோயம்புத்தூர் டாக்டர் என்னிடமும் அவர் தம்பியிடமும் மட்டும் சொன்னார். அவரிடம் நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லி வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

அதன் பிறகு அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், சீக்கிரம் எழுந்து நடமாடுவீர்கள் என்று தைரியம் சொல்வார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். காலையில் நான் கூடையோடு கிளம்பும்போது மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வலிக்கு மருந்து கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வாரம் ஒருமுறை வருவார். என்னைவிடச் சின்ன வயது. ஒரு நாள் மருந்து கொடுத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்கண்ணா, மனசுக்குள்ள எதுங்க ரொம்பச் சிரமப்படுத்துது?”

நான் பதறிப்போய், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று குறுக்கே புகுந்தேன். நர்ஸ் என் கையைத் தொட்டு நிறுத்தினார். தகரக் கூரையில் மழை கொட்டியது. கடைசியில் என் கணவரே வாய் திறந்தார்.

“எனக்கு என்ன நோவுன்னு தெரியுமுங்க. சாவுக்குப் பயமில்லை. இவ வேலைக்குப் போன நேரத்துல மூச்சு முட்டி, தனியாக் கெடந்து போயிருவனோன்னுதான்...”

நர்ஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “தனியா இருக்கறப்ப ஆயிருமோன்னு இத்தன நாளும் பயந்துட்டே இருந்திருக்கறீங்க” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். என் கணவர் தேம்பி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன், அப்புறம் லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று தனக்குள்ளேயே வைத்திருந்தாராம்.

மறுநாளே லீவு கேட்டேன். லீவு கிடைக்காத நாட்களில் அவர் தம்பி வந்து கூட இருந்தார். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் நாங்கள் நிறையப் பேசினோம்; மகளை என்ன படிக்க வைப்பது என்பதிலிருந்து அவரை எங்கே அடக்கம் செய்வது என்பதுவரை. கார்த்திகை பிறந்து சில நாட்களில், ஒரு மத்தியானம், கஞ்சி வேண்டாமென்று என் கையைப் பிடித்துக்கொண்டவர் அப்படியே போய்விட்டார்.

அவர் விரல்கள் என் கைக்குள் குளிர்ந்துபோனதை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த நர்ஸ் அன்று அப்படி ஒரு வார்த்தை கேட்காமல் போயிருந்தால், அதுகூட எனக்குக் கிடைத்திருக்காது.