சாட்சிக் கையெழுத்து

அண்ணன் உதுப்பு இறந்த நாற்பத்தொன்றாம் நாள் குர்பானா பூசை முடிந்து, விருந்தினர் போன பிறகு வக்கீல் மாத்துண்ணி உயிலைப் படித்தார். ஏலிக்குட்டிக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. அண்ணன் படுக்கையில் சாய்ந்து அதை எழுதியபோது அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

இருபத்தேழு வயதில் கணவனை இழந்து, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். சீதனத்தோடு அவள் பங்கு தீர்ந்துவிட்டதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணி இறந்த பின் அண்ணன் மகன் ஜோமோனை வளர்த்தாள். ரப்பர் பால் எடுக்க ஆள் வராத நாட்களில் தானே கத்தியோடு தோட்டத்தில் இறங்கினாள். இப்படி முப்பத்தொரு வருடம். உதுப்பு அதற்கு ஒரு வரி எழுதியிருந்தார்: வீடும் அதைச் சுற்றிய இருபது சென்ட்டும் தங்கைக்கு, மற்றதெல்லாம் மகனுக்கு.

இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதிய அன்று பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரன் நாயர் வந்துவிட்டார். வருவதாகச் சொன்ன தேவாலயப் பணியாள் கப்பியார், அங்கே பெருநாள் வேலையில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு வச்சுக்கலாமே அச்சாயா" என்றாள் ஏலிக்குட்டி.

"நாளைக்கு நான் இருப்பேன்னு நீ எழுதித் தர்றியா?" என்றார் உதுப்பு.

"நீயே போடு ஏலி. எங்கப்பா உயில்ல எங்கம்மாதான் சாட்சி. வீடும் அவங்களுக்குத்தான். ஒரு சிக்கலும் வரலையே" என்றார் நாயர். அவள் போட்டாள்.

இப்போது வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "உயில் செல்லும். ஆனா கிறிஸ்தவங்களுக்கு, சாட்சி போட்டவங்களுக்கே எழுதினது செல்லாது. வீடும் ஜோமோனுக்குத்தான் போகும்."

"எங்க வீட்டுல செல்லுச்சே!" என்றார் நாயர்.

"நீங்க இந்துக்கள், உங்க ஆளுங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது நாயரே."

ஏலிக்குட்டி அழுகைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்து நேராக, தெளிவாக இருந்தது. குறை சொல்ல எதுவுமில்லை.

நாயர் ஜோமோன் பக்கம் திரும்பினார். "நீ எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுது மோனே."

"பார்க்கலாம் அங்கிள். வீட்டுக்காரி லிஸிகிட்டயும் பேசணும். கனடாவுல அவளுக்கு இப்ப ராத்திரி." அவன் அத்தையின் தோளைத் தொட்டான். "அத்தை எங்கேயும் போக வேண்டாம். உங்க வீடு மாதிரியே இருங்க."

அவன் மனதாரத்தான் சொன்னான். அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. விருந்தாளிக்குரிய மரியாதை அது.

"சரி மோனே" என்றாள். காகிதத்தை வக்கீலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் எந்த அறையில படுக்கட்டும்?" என்று கேட்டாள்.

"என்ன அத்தை, இதெல்லாமா கேப்பாங்க!" ஜோமோன் சிரித்தான். பிறகு உள்ளே திரும்பி, அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து யோசிக்கத் தொடங்கினான்.