புது வான் திறந்தால்

இந்த ஊரில் கடல் கரையிலேயே கறுத்துக் கிடக்கிறது. மீன் தொழிற்சாலையின் இறங்குதுறையில் நின்று எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும், படகால் இறங்கும்போது என் வலது கால் தண்ணீருக்குள் நிலம் தேடும். இங்கே ஆழம் என்ன என்று கண்காணிப்பாளர் இங்ரிட்டை ஒருநாள் கேட்டேன். இருநூறு மீற்றர் என்றாள். அதில் ஒரு துளி எங்கள் கரைக்கு இருந்திருந்தால் அப்பா இன்று இருந்திருப்பார் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாதென்று முடிவுகட்டிய இங்ரிட் ஒரு மிதவை அங்கியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். வள்ளத்திலேயே வளர்ந்தவன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? போட்டுக்கொண்டேன்.

நெடுந்தீவின் தென்கரையில் எங்கள் துறைக்கு முன்னால் முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, அணைபோலக் கிடக்கும். அதை வெடிவைத்துப் பிளந்து வள்ளம் போய்வர எடுக்கும் வழியை வான் என்போம். அலை கல்லுக்கு மேலால் உள்ளே கொட்டும் தண்ணீர் அந்த வானால்தான் திரும்பிக் கடலுக்கு ஓடும். ஓட்டம் இருக்கும்வரை அதில் மணல் தங்காது. எங்களுக்குப் பக்கத்துத் துறைக்காரர் சூசைமுத்து, எங்கள் வானுக்கு மேற்கே இன்னொன்று வெட்டினார், எங்களதைவிட அகலமாக. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் வானில் மணல் ஏறியது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வருடம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றில் அப்பாவின் வள்ளம் வழக்கமான வழியால் உள்ளே வந்து மணலில் குத்தியது. பின்னால் வந்த அலை அதைத் தூக்கிக் கல்லில் அடித்தது. கரையில் நின்று பார்த்தோம். முகம் சிதைந்திருந்தது, அம்மா உடுத்திருந்த சாரத்தைப் பார்த்துத்தான் அவரை அடையாளம் சொன்னா. அன்று பின்னேரமே சித்தப்பா, வள்ளத்தை ஊன்றித் தள்ளுகிற மரக்கோலை எடுத்துக்கொண்டு போய் சூசைமுத்துவின் இரண்டு கையையும் அடித்து முறித்தார். நானும் பின்னால் போனேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு இனித்தது. பொய் சொல்லவில்லை.

ஊரிலிருந்து வாசிக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். உலகத்தில் இவ்வளவு இடமிருக்க, சூசைமுத்துவின் மகன் யேசுதாசன் இதே தொழிற்சாலைக்குத்தான் வந்து சேர்ந்தான். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று சல்மன் மீன்களின் வயிறு கிழித்தோம். கையில் கத்தி, வாயில் பேச்சில்லை.

போன பங்குனியில் கடலடியில் சேறு சரிந்து, மீன் வளர்க்கும் கூடுகளின் நங்கூரச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டு போனது. என்ன நடந்ததென்று கன்ரீனில் படம் போட்டு விளக்கினார்கள். ஆறு கொண்டுவந்த சேறு கழிமுகத்தில் குவிந்து, பாரம் தாங்காமல் ஒருநாள் சரிந்து, புரண்டு பாய்கிறது. பாயும் வேகத்தில் கடலடியை அரித்து வாய்க்கால் வெட்டுகிறது, இருபக்கமும் சேற்றை எறிந்து வரம்பு கட்டுகிறது. இன்னொரு பாய்ச்சல் அந்த வரம்பை உடைத்துப் புது வழி எடுத்துவிட்டால், பழைய வாய்க்காலுக்கு ஓட்டமில்லை. அது மெல்ல மெல்லத் தூர்ந்துபோகிறது. எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யேசுதாசன் மட்டும் என்னைப் பார்த்தான்.

“அண்ணை, எங்கட அப்பாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்கமாட்டார்.”

“தெரியாமலோ எங்கட வானுக்குப் பக்கத்தில வெட்டினவர்?” என்று கேட்டேன். பதில் வருமுன் அறைந்தேன். கதிரையோடு விழுந்தான். சொண்டு வெடித்து இரத்தம் வழிந்தது. அவன் திருப்பி அடிக்காதது என்னை இன்னும் கொதிக்கவைத்தது. நாலுபேர் பிடித்திராவிட்டால் மிதித்தே கொன்றிருப்பேன்.

பொலிசுக்குச் சொல்லவேண்டாம் என்று இங்ரிட்டிடம் கெஞ்சியதும் அவன்தான். நாங்கள் இருவரும் ஈஸ்டர் லீவு கேட்டிருந்தோம். சண்டை அதற்குத்தான் என்று நினைத்த இங்ரிட், இருவருக்கும் லீவு தந்து பிரச்சினையைத் தீர்த்துவிட்டாள். அவளுடைய நாட்டில் அடிபாட்டுக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லைப்போலும்.

லீவு கிடைத்தாலும் போக இடமில்லை. ஈஸ்டர் அன்று காலை இறங்குதுறைக்கு நடந்தேன். யேசுதாசன் அங்கே நின்றான், சொண்டு இன்னும் காயவில்லை. திரும்பிப் போகலாமா என்று யோசிக்கும்போது ஊரிலிருந்து தம்பி அன்ரன் தொலைபேசி எடுத்தான்.

“அண்ணை, போன புயலோட ரண்டு வானும் மணலால மூடிப்போச்சு. சோளகம் வாறதுக்குள்ள கிழக்கால புதுசா ஒண்டு வெட்டுறம். சூசைமுத்தரின்ர ஆக்களும் எங்களோடதான். சித்தப்பாவும் ஓம் எண்டிட்டார். இப்ப வெடி வைக்கப்போறம்.”

முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு கன்ரீனில் போட்ட அந்தப் படம் கண்ணுக்குள் வந்தது.

“அப்ப கிழக்குத் துறைக்காரற்ற வான்? ஓட்டம் உங்கட பக்கம் திரும்பினா அது தூர்ந்துபோகுமடா. அவை தெரியாமல் உள்ள வருவினம்.”

“அவையைப் பற்றி யோசிக்க ஏலாதண்ணை. என்ர பொடியன் கரையேற வேணும்.”

யேசுதாசன் கையை நீட்டினான். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். “அன்ரன், வெட்டுறதெண்டா வெட்டுங்கோ. அவையிட்டச் சொல்லிப்போட்டு வெட்டுங்கோ. எங்கட அப்பா சொல்லேல்லை.”

“ரண்டு பேரும் அங்க இருந்துகொண்டு நல்லாக் கதைக்கிறியள்,” என்றான் தம்பி. “இஞ்ச வந்து வள்ளத்தைத் தள்ளிப்பாருங்கோ.”

அவன் சொல்லி முடிக்க வெடித்தது. ஊரில் வெடி வைத்தால் சத்தத்துக்கு முன்னம் உள்ளங்காலுக்கு அதிர்வு வரும். கால் கூசியதும் காதைப் பொத்துவோம். தொலைபேசியில் சத்தம் மட்டும் வந்தது. நானும் யேசுதாசனும் ஒரே நேரத்தில் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தோம். பலகை இடுக்குகளுக்குக் கீழே இருநூறு மீற்றர் தண்ணீர் அசையாமல் கிடந்தது.