தரையில் படுத்திருந்தவர்

விழுந்து கிடக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. திண்டிவனத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். திரையில் ஒரு வீட்டின் உள்ளறை வரும். ஐரோப்பாவில் தனியாக வசிக்கும் வயதானவர்களின் வீடுகள் அவை. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தங்கள் அறையில் கேமரா வைத்துக்கொண்டவர்கள். முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். படத்தில் இருப்பவரைச் சுற்றிக் கட்டம் போட்டு, நிற்கிறார், உட்கார்ந்திருக்கிறார், படுத்திருக்கிறார், விழுந்து கிடக்கிறார் என்ற நான்கில் ஒன்றை அமுக்க வேண்டும். நாங்கள் அமுக்கியதைப் பார்த்து ஒரு கருவி கற்றுக்கொள்ளும். பிறகு அது சுவரில் இருந்துகொண்டு, யாராவது விழுந்தால் உதவிக்கு ஆள் கூப்பிடும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். மரக்காணத்தில் படகில் போனேன், பெங்களூரில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன், கேரளாவில் தரைக்குக் கல் பதித்தேன். எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கடைசியாக விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மவுஸ் கைக்குப் பழகியது. அதை வைத்துத்தான் திண்டிவனத்தில் நுழைந்தேன். பத்தாவது பாஸ் என்று எழுதிக்கொடுத்தேன். மார்க் ஷீட்டை அப்புறம் தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை.

எங்கள் டீம் லீடர் கோலியனூர்ப் பெண். எம்.எஸ்சி. படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பிரசவத்துக்குப் பிறகு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மாமியாரிடம் பேசிப் பேசி வேலைக்கு வந்தவர். காலையில் கோலியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் பெரும்பாலும் நானும் இருப்பேன், என் அறை விழுப்புரத்தில்தான்.

வேலை தொடங்கிய முதல் வாரம் ஒரே குழப்பம். வாடிக்கையாளர் அனுப்பிய விளக்கத்தில், விழுந்ததால் தரையில் இருப்பவர் என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. விழுந்ததால் இருக்கிறாரா இல்லையா என்பது அசையாத படத்தில் எப்படித் தெரியும்? டீம் லீடர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணா, இந்தாளு தூங்குறாரா, விழுந்துட்டாரா? ஆளுக்கொண்ணு போட்டுக்கினு இருக்காங்க. ரிப்போர்ட் பூரா செவப்பா வருது. பேஜாரா கீதுண்ணா."

"செருப்பு எங்க கெடக்குதுன்னு பாரும்மா" என்றேன். "தூங்கறவன் கழட்டி ஓரமா வெச்சிருப்பான். கை தலைக்கு அடியில இருந்தா தூங்கறான்னு அர்த்தம். விழுந்தவனுக்குக் கை அப்படிப் போகாது."

"எப்படிண்ணா டக்குனு சொல்றீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த கெடார் கிராமத்துக்காரர் திரும்பினார். பி.எஸ்சி. முடித்தவர், வாய்க்குப் பூட்டு கிடையாது. "அண்ணன் படுக்காத பஸ் ஸ்டாண்டு தமிழ்நாட்டுல இல்லக்கா. சர்வீஸு அப்படி."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உண்மைதானே. அன்றிலிருந்து செருப்பும் கையும்தான் எங்கள் விதி என்றாகிவிட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் ஒரே மாதிரி அமுக்கியதால் ரிப்போர்ட் பச்சையாக வந்தது. வாடிக்கையாளர் பாராட்டினார். ஒன்பதாம் வகுப்புக்காரன் சொல்லை எம்.எஸ்சி.க்காரர்கள் கேட்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது.

ஒரே ஒருமுறை கெடார்க்காரர் தகராறு செய்தார். ஒரு கிழவர், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் ஒருக்களித்திருக்கிறார். செருப்பு ஓரமாக இருக்கிறது. கை தலைக்கு அடியில்.

"பக்கத்துலயே மெத்தை போட்ட கட்டிலு கீதுண்ணா. இவரு ஏன் கீழ படுக்கணும்?"

"வெயிலுக்குத் தரை ஜில்லுனு இருக்கும். உங்க வூட்டுல யாரும் கீழ படுக்க மாட்டாங்களா?"

"எங்கப்பா டெய்லி கீழதான்."

"அப்புறம் இன்னா? போடு."

படுத்திருக்கிறார் என்று போட்டார்.

சில மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்தது. டீம் லீடர் எங்களைச் சுற்றி நிற்கவைத்துத் தமிழில் சொன்னார். செயற்கை நுண்ணறிவுக்கென்று ஐரோப்பாவில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். மனிதருடைய உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து வரக்கூடிய கருவி என்றால் அதற்குக் கட்டுப்பாடு அதிகம். அது எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றது, அந்தப் படங்களுக்குப் பெயர் வைத்தது யார், என்ன விதியை வைத்துப் பெயர் வைத்தார்கள், கருவி பயன்படப்போகும் ஊரின் பழக்கவழக்கத்துக்கு அந்த விதி பொருந்துகிறதா என்று எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்க வேண்டும். கருவியை அங்கே விற்கும் எங்கள் வாடிக்கையாளர்தான் பொறுப்பு. ஆனால் எழுதுவதற்கான விவரம் எங்களிடம்தான் இருக்கிறது.

கூடவே ஒரு பட்டியலும் வந்தது. சட்டத்துக்காக மறுபடி சோதித்தபோது, அவர்கள் ஊர் நர்சுகள் எங்கள் படங்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் படுத்திருக்கிறார் என்று போட்ட பலர் விழுந்தவர்கள் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். பட்டியலில் முதலாவது அந்தக் கட்டிலோரக் கிழவர். குறிப்பை டீம் லீடர் இரண்டு முறை படித்தார். அவரையே கேட்டிருக்கிறார்கள்: கட்டிலிலிருந்து விழுந்து எழ முடியாமல் பல மணி நேரம் கிடந்திருக்கிறார். கழுத்து வலித்ததால் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

கெடார்க்காரர் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சென்னையிலிருந்து மேனேஜர் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "விதியை யார் போட்டதுன்னு அவங்க ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு. டீம் லீடர்னு உங்க பேரைப் போடுங்க. தவறான வழிகாட்டல், நீக்கப்பட்டார்னு எழுதிட்டா கான்ட்ராக்ட் தப்பிக்கும். திங்கட்கிழமை அவங்க வீடியோ கால்ல வர்றாங்க, அதுக்குள்ள முடிச்சிடணும்."

டீம் லீடர் போனை வைத்துவிட்டு ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி எழுதிப் போனா எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டான்" என்றார். "வூட்டுலயும் இதான் சாக்குன்னு நிறுத்திடுவாங்க." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

விதியைப் போட்டது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ஃபாரத்தில் என் பெயர் வரும், பெயருக்குப் பக்கத்தில் படிப்பு என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. சனிக்கிழமை மதியமே கிளம்பி விழுப்புரம் அறைக்குப் போய்ப் பையில் துணியை அடுக்கினேன். பிரச்சினை வந்தால் ஊர் மாறுவது எனக்குப் புதிதில்லை. திருப்பூரில் வேலை இருப்பதாக ஒருவர் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தக் கிழவர் விஷயத்தில் எனக்கு ஒரு முரண்டு இருந்தது. நான் தப்பாகப் பார்த்திருக்க முடியாது. தரையில் படுப்பதைப் பற்றி அந்த நர்சுகளுக்கு என்ன தெரியும்? பையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கிடந்த மாதிரியே சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். கையைத் தலைக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பெலும்பு குத்தியது. தானாகவே என் இன்னொரு கை பாயைத் தேடிப் போனது.

எழுந்து உட்கார்ந்தேன். எத்தனை பஸ் ஸ்டாண்டு, எத்தனை ரயில்வே பிளாட்பாரம். ஒருநாள்கூட வெறும் தரையில் நான் படுத்ததில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் செய்தித்தாள் விரித்திருக்கிறேன், துண்டை விரித்திருக்கிறேன், ஒருமுறை சிமெண்டு மூட்டையின் காகிதத்தை. படுக்க நினைத்தவன் எதையாவது விரிப்பான். அந்தக் கிழவருக்குக் கீழே ஒன்றும் இல்லை. கை எட்டும் தூரத்தில் கட்டிலிலிருந்து போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் இழுத்துக்கொள்ளவில்லை. முடியவில்லை.

ஊர்ப் பழக்கம் வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே நான் பார்க்கவில்லை. ஒரு விதி கிடைத்ததும் செருப்பையும் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவரின் வாயையும் அடைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் டீம் லீடருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மயிலம் தாண்டியதும் அவர் திரும்பினார்.

"உங்க பேரு போட்டா மார்க் ஷீட் கேப்பாங்கண்ணா."

"கேக்கட்டும். இல்லன்னு சொல்லிடறேன்."

"எவ்ளோ நாளா இல்ல?"

"எப்பவுமே இல்லம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் வந்து சேந்தீங்க எனக்கு. நீங்க சொன்னீங்க, சரின்னு விட்டது நான்தானே. ரெண்டையும் எழுதறேன்."

வாடிக்கையாளர் சார்பில் வீடியோ காலில் வந்தவர் நரைமுடியுள்ள ஒரு பெண்மணி. சென்னை மேனேஜரும் ஒரு மூலையில் இருந்தார். விதி யாருடையது என்று அந்தப் பெண்மணி கேட்டதும் மேனேஜர் பேச வாயெடுத்தார். அதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். டீம் லீடர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்: செருப்பு, கை, பஸ் ஸ்டாண்டு, விரிப்பு. பள்ளிக்கூடம் எதுவரை என்று கேட்டார்கள். சொன்னேன். மேனேஜரின் முகம் போன விதத்தை நான் பார்க்காமல் இருந்தது நல்லது என்று கெடார்க்காரர் பிறகு சொன்னார், அவர் பார்த்திருந்தார்.

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். விரிப்பைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பிறகு, இந்த விதியோடு ஒத்துப்போகாதவர் யாராவது இருந்தார்களா, அது எங்கே பதிவாகியிருக்கிறது என்றார். ஒருவர் இருந்தார், பதிவாகவில்லை, பதிவு செய்ய இடமே கிடையாது என்று டீம் லீடர் சொன்னார். "அதைத்தான் நான் முதலில் எழுதுவேன்" என்றார் அந்தப் பெண்மணி. தங்கள் ஒற்றை வரி விளக்கமும் குற்றவாளிதான் என்று சொல்லி அதையும் எழுதினார். படங்களை மறுபடி பார்க்க வேண்டும், தப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தவரே அதை நடத்த வேண்டும், டீம் லீடர் மாறக் கூடாது என்பது அவர் முடிவு. மேனேஜர் ஒப்புக்கொண்டார். வேறு வழியில்லை.

பொய்ப் படிப்பு சொன்னதற்காக என்னை அந்த வாரமே நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பொய் சொன்னேன்தான். திருப்பூருக்குப் போகவில்லை. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது, லாரிக்கு லோடு கட்டப் போனேன். முதல் பத்து நாள் தோள் தூக்க முடியவில்லை.

ஒருநாள் மதியம் டீம் லீடர் போன் செய்தார். பின்னால் கெடார்க்காரரின் குரலும் கேட்டது, யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு படம். சோபால சாஞ்சு, பாதி ஒடம்பு கீழ. போர்வை கீது, ஆனா சுத்திக்கினு கீது. இது விழுந்ததா, இல்ல..." நிறுத்திவிட்டார். "ஐயோ, வெளியாளுக்குச் சொல்லவே கூடாது. புது ரூல்ல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப சொல்லாதம்மா."

"சரி. இவங்க மூணு பேரு மூணு சொல்றாங்கண்ணா."

"தெரியலன்னு போட இடம் இருக்குதா இப்ப?"

"அஞ்சாவது பட்டன். புதுசா வெச்சிருக்காங்க. அமுக்கினா நர்சுங்களுக்குப் போவும்."

"அதை அமுக்கு" என்றேன். லாரிக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீம் லீடர் சரிண்ணா என்று போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.