பெரியம்மா ஊரில் கம்பம் ஆட்டம்

நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் பகல் முழுக்க என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியம்மாவுக்குத் துணையாகத்தான் என்னை அனுப்பினார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. ஒன்பது வயதுப் பெண்ணைத் துணைக்கு அனுப்பும் அளவுக்கு அந்த வீடு வெறிச்சோடிக் கிடந்திருக்கிறது.

வெள்ளகோவிலிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், முருங்கைக் காடுகளுக்கு நடுவே அந்த ஊர். அதற்கு முந்தைய புரட்டாசியில் பெரியப்பா மாரடைப்பு வந்து இறந்துபோயிருந்தார். எனக்குப் பரீட்சை இருந்ததால் சாவுக்குக் கூட்டிப்போகவில்லை. ஆகவே என்னைப் பொறுத்தவரை பெரியப்பா ஏதோ நீண்ட பயணம் போயிருப்பவர் மாதிரிதான். பெரியம்மாதான் மாறியிருந்தார். முன்பெல்லாம் அவர் சிரித்தால் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது சாம்பல் நிறத்திலும் சந்தன நிறத்திலும் சேலை கட்டிக்கொண்டு, நெற்றியில் ஒன்றும் இல்லாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். வாசலைத் தாண்டி எங்கும் போகவில்லை.

நான் போன மூன்றாம் நாள் ஊர் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டார்கள், அதாவது திருவிழா அறிவித்துவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கோயில் முன்னால் மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தண்டை நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டியிருந்தார்கள். அதுதான் கம்பம். எதிர்வீட்டு அக்கா காங்கயத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அதைக் காட்டி, இது அம்மனோட வீட்டுக்காரர் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. தினமும் விடியற்காலையில் ஊர்ப் பெண்கள் எல்லாம் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றினார்கள். பொழுது சாய்ந்ததும் கம்பத்தின் தலையில் தீச்சட்டியை வைத்துவிட்டு ஆண்கள் அதைச் சுற்றி ஆடினார்கள்.

வீட்டில் சாவு விழுந்து ஒரு வருசம் ஆகாததால் பெரியம்மா கோயிலுக்கு வரக்கூடாது என்றார்கள். நான் பெரியம்மாவின் தங்கை மகள், வேறு வீட்டுப் பெண், எனக்குத் தடையில்லை. அக்கா தன் ஸ்கூட்டியில் என்னைக் கூட்டிப்போனார்.

ஆட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் எங்கள் அபார்ட்மெண்டின் டான்ஸ் கிளாஸில் இரண்டு வருசம் படித்தவள். ஆண்டு விழாவில் இரண்டாம் பரிசு வாங்கியவள். கிராமத்தில் என்ன பெரிதாக ஆடிவிடப் போகிறார்கள் என்ற நினைப்போடு, பரிசு கொடுக்க வந்தவளைப் போலத்தான் போய் நின்றேன்.

தப்பட்டை மெதுவாகத்தான் தொடங்கியது. முதலில் நாலைந்து பேர். பிறகு டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், லீவு போட்டுவிட்டுக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த இளைஞர்கள் என்று ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால், அப்புறம் கம்பத்தைப் பார்த்துத் திரும்பி ஒரு குனிவு. அவ்வளவுதான் என்று தோன்றியது. டான்ஸ் கிளாஸில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எங்கோ வழுக்கிப் போனது. மறுபடி தொடங்குவதற்குள் அடி மாறிவிட்டது. வட்டத்தில் இருந்த யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை. யாரும் எங்களையும் பார்க்கவில்லை. எல்லோர் பார்வையும் கம்பத்தின் மேல்தான் இருந்தது. பார்க்க வந்தவர்களுக்காக ஆடாத ஓர் ஆட்டத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். என் உள்ளங்கால் தரையோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு அக்கா வண்டியை எடுத்தபோது எனக்கு வர மனமில்லை.

வீட்டில் பெரியம்மா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எத்தனை பேர் ஆடினார்கள், யார் முன்னால் போனார்கள், எத்தனை அடி அடித்தார்கள் என்று கேட்டார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. முக்காலியின் மேல் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்து, அதுதான் கம்பம் என்று சொல்லிவிட்டு, வாயாலேயே தப்பட்டை அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“அப்பிடியில்ல கண்ணு. திரும்பறப்ப முதல்ல தோள் போவோணும், அப்பறந்தான் கால். உங்க பெரியப்பா அப்பிடித்தான் திரும்புவாரு.”

பெரியப்பா ஆடுவார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இருபது வருசமாக அந்த ஊரில் முதல் ஆளாக வட்டத்தில் இறங்கியவர் அவர்தான் என்று மறுநாள் அக்கா சொன்னார். அதன்பிறகு தினமும் இதே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் கோயிலில் பார்ப்பேன், வந்து வாசலில் ஆடிக் காட்டுவேன், பெரியம்மா திருத்துவார். அவர் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார் என்று நான் நம்பினேன்.

நோம்பியின் கடைசி நாள் காலையில் கம்பத்தைப் பிடுங்கினார்கள். அதுவரை குலவையும் சிரிப்புமாக நின்ற பெண்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி ஊர்க் கிணற்றில் போட்டார்கள். பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றி, சுற்றிவந்து ஆடி, கடைசியில் கிணற்றில் போடுவது எந்த நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானத்தை நான் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் ஒப்பித்தேன். “ஒண்ணும் கவலையில்லீங்க பெரியம்மா. அடுத்த வருசம் வேற கம்பம் நடுவாங்களாம்.”

பெரியம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“அம்மனுக்கு நடுவாங்க கண்ணு” என்றார். பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

மத்தியானம் மஞ்சள் நீராட்டு. என்னைக் கூட்டிப்போக அம்மாவும் சரவணம்பட்டியிலிருந்து வந்துவிட்டார். தெருவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். அக்கா எனக்கும் ஒரு வாளி நிறையக் கலக்கிக் கொடுத்திருந்தார். ஆட்டக்காரர்கள் தப்பட்டையோடு வீடு வீடாக ஆடி வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு சுற்று ஆடினார்கள், அந்த வீட்டுப் பெண்கள் அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் முறைக்காக நான் வாளியோடு தயாராக நின்றேன். பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது.

எங்கள் வாசலுக்கு முந்தின வீடு வரை ஆடி வந்தவர்கள், எங்கள் வேலி தொடங்கும் இடத்தில் தப்பட்டையை நிறுத்திவிட்டார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் நிமிர்ந்து பார்க்காமல், சத்தமில்லாமல் எங்கள் வாசலைக் கடந்து நடந்து போனார்கள். அடுத்த வேலி வந்ததும் மறுபடி தப்பட்டை தொடங்கியது.

ஊரில் அத்தனை வீட்டிலும் ஆடியவர்கள் பெரியம்மா வீட்டை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு தெருவையே பார்த்து நின்றிருந்தார். அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வாளியில் சொம்பை முக்கி எடுத்து ஓடிப்போய் எம்பி அவர் தலையில் ஊற்றிவிட்டேன்.

சந்தனச் சேலை முழுக்க மஞ்சள் வழிந்தது. எதிர்வாசலில் நின்ற அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டார். தெருவில் இரண்டு மூன்று பெண்கள் அப்படியே நின்றார்கள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்து அடிக்க ஓங்கினார்.

“உடு அம்மணி. கொழந்தை மேல கை வெக்காத” என்றார் பெரியம்மா.

அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து மஞ்சள் தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. என் கையிலிருந்த சொம்பை வாங்கி, மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி என் இரண்டு கன்னத்திலும் தடவினார். அவர் கண்கள் சிவந்து நிறைந்திருந்தன. எரியுதுங்களா என்று கேட்டேன். மஞ்சள் கண்ணில் பட்டுவிட்டது என்றார். நான் குனிந்து ஒவ்வொரு கண்ணாக ஊதிவிட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் நாங்கள் பஸ் ஏறப் புறப்படும்வரை பெரியம்மா அந்தச் சேலையை மாற்றவில்லை. மஞ்சள் அங்கங்கே திட்டுத் திட்டாகக் காய்ந்து போயிருந்தது. அதைக் கட்டிக்கொண்டே எனக்குத் தலைவாரிப் பின்னினார், பையில் முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தார், முதல்முறையாக வாசலைத் தாண்டி ரோடு வரை வந்து வழியனுப்பினார்.

மாற்றிக்கொள்ள வேறு நல்ல சேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோயமுத்தூர் போனதும் அம்மாவிடம் சொல்லி ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். பஸ் காங்கயம் தாண்டுவதற்குள் நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டேன். நல்ல அழுத்தமான மஞ்சள். அடுத்த வருசம் யார் எவ்வளவு ஊற்றினாலும் கறை தெரியாது.