ஆறு விசிலில் வெந்த காடு

கடைசிப் பருவத்து ஆய்வுக்கு நான் எடுத்த கேள்வி இது: நுண்ணுயிர்களின் நொதி காட்டு மண்ணில் சுறுசுறுப்பா, புல்வெளி மண்ணிலா? காட்டுக்குள் போக அனுமதி கேட்டு, நாலு பக்க விஞ்ஞான விளக்கத்தோடு விண்ணப்பித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு நாள் கிடைத்தது. பேச்சிப்பாறைக்கு மேலே மண் எடுத்தேன். புல்வெளி மண்ணுக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைப் பக்கம். எல்லாக் கவர்களும் வீட்டு ஃபிரிட்ஜில், சாளை மீனுக்குப் பக்கத்தில். அறிக்கை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.

மண்ணில் ஒரு மருந்தைக் கலந்து வைத்தால், நொதி வேலை செய்யும் மண் மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் செத்த மண்ணும், அதாவது அவித்து நுண்ணுயிர்களைக் கொன்ற மண்ணும், வேண்டும். அதற்காகச் சின்னக் கவர் ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன். கல்லூரியில் மண்ணை அவிக்கும் கருவி பழுது. வீட்டுக் குக்கர் போதுமே என்று யோசனை சொன்னவனும் நான், அதை மெச்சியவனும் நான்.

அன்று காலை திற்பரப்பில் குளிக்கப் போக நண்பர்கள் பைக்கோடு வாசலில் நின்றார்கள். செருப்பில் காலை நுழைத்தபடியே அம்மாவிடம் கத்தினேன்:

"ஃபிரிட்ஜ்ல மண்ணு இருக்கு, ஆறு விசில் வச்சிரும்மா!"

"சோறு வைக்கிற குக்கர்லயாடே?"

"சயின்ஸும்மா!"

மறுநாள் ஆய்வகத்தில் ஒரு குழாயிலும் மஞ்சள் இல்லை. எல்லாம் வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நின்றன. என்னோடு ஒரே மேசையில் வேலை செய்யும் தோழி எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, செத்த மண்ணும் உயிருள்ள மண்ணும் ஒண்ணுபோல இருக்கு. ஒனக்குச் சந்தேகம் வரலியா?"

"வறட்சி. நுண்ணுயிரெல்லாம் உறங்குது."

"வறட்சியா? காட்டுக்குப் போன அன்னைக்கு மழையில தொப்பலா நனைஞ்சுதான வந்த?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். வறட்சிக் கோட்பாட்டை ஆறு பக்கம் எழுதி, மாலையில் அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன்.

"அவிச்ச மண்ணுல என்ன மக்கா உறங்கும்?" என்றாள்.

"எதை அவிச்ச?"

"எல்லாத்தையும். நாலு ஈடு வச்சேன், கேட்டியா. ஆற வச்சுத் திரும்ப ஃபிரிட்ஜ்லயும் அடுக்கினேன். நீ மண்ணுன்னு சொன்னியா, எந்த மண்ணுன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. ஒரு செருப்பு போட்டிருந்தேன், இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புல்வெளிக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். காட்டுக்கு முடியாது. வறட்சிக் கோட்பாட்டை அப்படியே கொடுத்துவிடலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். தோழியின் முகம் வந்து வந்து நின்றது. காலையில் வன அலுவலகத்துக்குப் போய், இம்முறை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன்: 'வெளியே ஓடும் அவசரத்தில் அம்மாவிடம் அரைகுறையாகச் சொன்ன என் கவனக்குறைவால், எடுத்த மண் முழுவதும் குக்கரில் வெந்துவிட்டது.'

அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு உரக்க வாசித்தார். இருவரும் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். கையெழுத்துக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

"நாளைக்கே போயி எடுத்துக்கோ. இந்தத் தடவ அம்மைக்கிட்ட நின்னு பேசிட்டு வெளிய எறங்கு, என்ன?"